எஸ்.ஐ. கையில் இருந்த தாள்: என் போனை ஒட்டுக் கேட்கிறார்களா?

கேள்வி: எங்கள் ஊர்க் கல்குவாரிக்கு எதிராக மனு கொடுத்து வருகிறோம். போன வாரம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்ட எஸ்.ஐ., ஒரு தாளைப் பார்த்தபடியே, "செவ்வாய்க்கிழமை ராத்திரி உங்க மச்சான்கிட்ட இருபது நிமிஷம் பேசியிருக்கீங்களே" என்றார். என் மேல் வழக்கு எதுவும் இல்லை. என் போனை ஒட்டுக் கேட்கிறார்களா? என்ன செய்யலாம்?
- வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவர் சொன்னதைக் கவனியுங்கள். யாரிடம், எப்போது, எத்தனை நிமிஷம் என்றுதான் சொன்னார். என்ன பேசினீர்கள் என்று சொல்லவில்லை. ஆகவே அந்தத் தாள் பெரும்பாலும் சி.டி.ஆர். எனப்படும் அழைப்பு விவரப் பட்டியலாக இருக்கும். எந்த டவர் பக்கம் இருந்தீர்கள் என்பதும் அதில் வரும். ஒட்டுக்கேட்புக்கு வேறு சட்டம், இதற்கு வேறு.

பேச்சையே கேட்க வேண்டுமானால் எஸ்.ஐ. அல்ல, எஸ்.பி.கூட உத்தரவிட முடியாது. போனில் பேசுவதும் தனியுரிமைதான், அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு அதைக் காக்கிறது என்று பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. இன்றைக்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவும் 2024 விதிகளும் நடைமுறையில் உள்ளன. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்புக்கான தேவை இருந்தால்தான் உள்துறைச் செயலாளர் எழுத்தில் உத்தரவிடலாம். அது 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. அவசரத்தில் ஐ.ஜி. அந்தஸ்துள்ளவர் உத்தரவிட்டாலும் 7 வேலை நாளில் ஒப்புதல் வாங்கியாக வேண்டும்.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-இல் போடப்பட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை, அது பொது அவசரநிலையிலும் பொதுப் பாதுகாப்பிலும் அடங்காது என்று ரத்து செய்தது. டெல்லி உயர் நீதிமன்றம் வேறு வழக்கில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறது. ஆனால் நமக்குக் கைகொடுப்பது சென்னைத் தீர்ப்புதான். லஞ்சப் புகாரே அந்த வரையறைக்குள் வராதென்றால், கலெக்டரிடம் மனு கொடுப்பது எப்படி வரும்?

சி.டி.ஆர். விஷயத்தில்தான் சட்டம் பலவீனமாக இருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆவது பிரிவின்படி போலீஸே போன் கம்பெனியிடம் எழுதிக் கேட்கலாம், நீதிபதி அனுமதி தேவையில்லை. நடைமுறையில் எஸ்.பி. அலுவலகம் வழியாகப் போகும். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. ஊரில் யார் யார் சேர்ந்து மனு எழுதுகிறார்கள் என்று கண்டுபிடிக்க அந்தப் பட்டியலே போதும், பேச்சைக் கேட்க வேண்டியதே இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வரவே ஆள் யோசிப்பார்கள். ஆனாலும் விசாரணைக்குத் தேவை என்று காட்டித்தான் வாங்க முடியும். எஃப்.ஐ.ஆர். இல்லை, சி.எஸ்.ஆர். எனப்படும் புகார் பதிவும் இல்லை என்றால் எந்த விசாரணைக்கு வாங்கினார்கள்? நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில் தேதி, நேரம், எஸ்.ஐ. சொன்ன வார்த்தைகள், உடன் இருந்தவர்கள் எல்லாவற்றையும் இன்றே எழுதி வையுங்கள். அப்புறம் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டால், எந்த அதிகாரி எந்தக் காரணத்துக்காகக் கேட்டார் என்ற கோப்பையே வரவழைக்கும்படி கோரலாம். ஆர்.டி.ஐ.யை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பாதுகாப்பு, விசாரணை என்று 8-ஆவது பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

எஸ்.ஐ. மறுபடி போனில் கூப்பிட்டால், எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். சாட்சி என்றால் 179-ஆவது பிரிவு, சந்தேக நபர் என்றால் 35(3). இரண்டுமே பி.என்.எஸ்.எஸ்.ஸில்தான் இருக்கின்றன. போனைக் கொடுக்கச் சொன்னால், கைப்பற்றியதற்கு எழுதும் மகஜரின் (சாட்சிகள் கையெழுத்திட்ட பதிவு) நகல் வாங்காமல் கொடுக்காதீர்கள்.