நீர்க்கடுப்பும் வெள்ளைப்படுதலும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: மண்டபத்துக்கு அருகே கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவள் நான், வயது 38. பாசி எடுக்கக் காலையில் படகேறினால் கரை திரும்ப மதியமாகிவிடும். சில மாதங்களாக அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது, வெள்ளையும் படுகிறது. உப்புத் தண்ணீரில் கிடப்பதால் வந்த சூடு என்கிறார் மாமியார். கடையில் வாங்கும் மாத்திரைக்கு இரண்டு நாள் அடங்கி, மறுபடியும் வந்துவிடுகிறது. இது என்ன நோய்?

பதில்: கடல்நீரில் நிற்பதால் மட்டும் சிறுநீர்ப்பையில் கிருமி புகுந்துவிடாது. ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீர் குடிக்காமல் படகேறுவதும், படகில் ஆண்கள் இருப்பதால் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும்தான் கிருமி பெருக இடம் கொடுக்கின்றன. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமே என்பதால், ஆசனவாய்ப் பக்கமுள்ள ஈ.கோலை போன்ற கிருமிகள் எளிதில் மேலேறிவிடுகின்றன.

எரிச்சல் எந்த இடத்தில் என்பதை முதலில் கவனியுங்கள். அடிவயிறு கடுத்து, போய்விட்டு வந்த சற்று நேரத்திலேயே மறுபடியும் முட்டி, சொட்டுச் சொட்டாகப் போனால் அது சிறுநீர்ப்பைத் தொற்றாக இருக்கலாம். சிறுநீர் வெளித்தோலில் படும்போதுதான் எரிகிறது, அரிப்பும் இருக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் பிறப்புறுப்பில் இருக்கும். தயிர்த் திப்பி போன்ற வெள்ளையும் கடும் அரிப்பும் பூஞ்சைத் தொற்றின் அடையாளம். ஈரச் சேலையோடு நெடுநேரம் இருப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். மீன் கவிச்சி போன்ற வாடையுடன் சாம்பல் நிறத்தில் நீர்த்துப் படுவது பாக்டீரியாக்களால். பச்சை கலந்த மஞ்சளில் நுரைத்து வருவது பாலுறவால் பரவும் டிரைக்கோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கக்கூடும், அப்போது கணவரும் சேர்ந்தே மருந்து எடுக்க வேண்டும். நிறத்தையும் வாடையையும் மட்டும் வைத்து மருத்துவரே முடிவு சொல்லிவிட முடியாது என்பதால், கூச்சத்தை விட்டுப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

அடங்கி அடங்கித் திரும்புவதற்கு, மாத்திரை அந்தக் கிருமிக்குக் கேட்காததோ, பாதியில் நிறுத்தியதோ காரணமாகலாம். ஆகவே அடுத்த மாத்திரையை வாங்குமுன், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து, எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். சர்க்கரை அளவையும் பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் கர்ப்பிணிக்குச் சில மருந்துகள் ஆகாது. குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுவலி, வாந்தி ஆகியவை தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதைக் காட்டும். வெள்ளைப்படுதலோடு அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் கருப்பையிலும் கருக்குழாயிலும் தொற்று இருக்கலாம். இரண்டுக்கும் இளநீரும் வெந்தயமும் போதாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: தொண்டியைச் சேர்ந்த எனக்கு வயது 58, பீடி பழக்கம் உண்டு. சென்ற வாரம் ஒருமுறை சிறுநீர் இரத்தமாகப் போனது; வலியில்லை, தானாகவே தெளிந்துவிட்டது. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. கல்லடைப்பு என்றால் இடுப்பிலிருந்து தொடையிடுக்கு வரை வலி உயிரை எடுத்திருக்கும். வலியே இல்லாமல் இரத்தம் போவது, அதுவும் புகைபிடிப்பவருக்கு, சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். அந்த இரத்தம் இடையிடையே நின்று ஆளை ஏமாற்றும். அடுத்த முறை வருகிறதா என்று பார்த்திருக்காமல், இந்த வாரமே சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துக்கொண்டு சிறுநீரகவியல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.