பெல்ஜியம் போக டிக்கெட் பார்த்தா பிரசல்ஸ்னு ரெண்டு ஏர்போர்ட் காட்டுது, எதுல இறங்கலாம்?

கேட்டவர் டப்ளின்ல இருந்து நாலு நாள் லீவுக்கு வர்றாராம், ஒரு டிக்கெட் இன்னொண்ணுல பாதி விலைதான் இருக்காம், ரெண்டுலயும் பிரசல்ஸ்னே போட்டிருக்காம். நான் பிரசல்ஸ் பக்கத்துல இருக்கற லூவன்ல மூணு வருஷம் படிச்சவன், ரெண்டு ஏர்போர்ட்லயும் போதுமான அளவுக்கு அசிங்கப்பட்டிருக்கேன், அதனால சொல்றேன்.

பேரை நம்பாதீங்க, டிக்கெட்ல இருக்கற மூணெழுத்து ஏர்போர்ட் கோட் மட்டும் பாருங்க. பி.ஆர்.யூ.ன்னா சாவென்டெம், ஊர்லேர்ந்து ஒரு 12 கிலோமீட்டர். சி.ஆர்.எல்.னா சார்லெருவா, அது வேற ஊரு, பிரசல்ஸ்லேர்ந்து தெற்கே 50 கிலோமீட்டர் பக்கம் வரும், ஆனா அதுக்கு 'பிரசல்ஸ் சவுத் சார்லெருவா'ன்னு பேர். உங்க பாதி விலை டிக்கெட் அனேகமா இதுதான், ரையன்ஏர், விஸ்ஏர் எல்லாம் இறங்குற இடம்.

இந்தப் பேர்ல நான் மாட்டுன கதை இருக்கு. போர்ட்டோ போக டிக்கெட் போட்டிருந்தேன், அதுல பிரசல்ஸ் சவுத்னு இருந்துச்சு, நானும் பெரிய புத்திசாலி மாதிரி, பிரசல்ஸ்ல 'ஸைட்'னு ஒரு பெரிய ரயில்வே ஸ்டேஷன் இருக்கே, டச்சுல ஸைட்னா தெற்கு, பிரெஞ்சுல அதையே 'மிடி'ங்கறான், அப்ப ஏர்போர்ட் அதுக்குப் பக்கத்துல எங்கயாவது இருக்கும்னு முடிவு பண்ணிட்டேன். ஃபிளைட்டுக்கு ஒண்ணரை மணி நேரம் இருக்கறப்ப பெட்டியோட ஸைட்ல இறங்கி, வாஃபிள் கடையில இருந்த அம்மாகிட்ட ஏர்போர்ட் எந்தப் பக்கம்னு கேட்டேன். அவங்க என் போனை வாங்கி டிக்கெட்டைப் பார்த்தாங்க, மறுபடி என் மூஞ்சியைப் பார்த்தாங்க, சிரிக்காம இருக்க ரொம்ப கஷ்டப்பட்டு வெளிய கையைக் காட்டி 'பஸ்'னு சொன்னாங்க. சார்லெருவா ஏர்போர்ட்டுக்குப் போற ஃப்ளிப்கோ பஸ் ஸ்டேஷனுக்குள்ள வராது, பக்கத்துத் தெருவுலதான் நிக்கும், மழையில அதைத் தேடிப் புடிச்சு ஏறினா ஒரு மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்தப்ப கேட் மூடியாச்சு. அந்த டிக்கெட் காசு மொத்தமும் போச்சு, அதுக்குப் பேசாம சாவென்டெம்லேர்ந்தே பறந்திருக்கலாம்.

அதனால விலையைப் பார்க்கறப்ப பஸ் காசையும் ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. பஸ் டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைன்ல எடுத்தா கம்மி. சார்லெருவா ஏர்போர்ட்டுக்குள்ள ட்ரெயின் கிடையாது, சார்லெருவா சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் ட்ரெயின்ல வந்து அங்கேர்ந்து லோக்கல் பஸ் புடிக்கலாம், அவசரம் இல்லாதப்ப ஓகே.

சாவென்டெம் அப்படி இல்ல, பொட்டி உருட்டிட்டே லிஃப்ட்ல இறங்கினா மைனஸ் ஒண்ணுல ட்ரெயின், ஜீரோல பஸ். பிரசல்ஸ் சென்ட்ரல் 20 நிமிஷத்துக்குள்ள. லூவன் கால் மணி நேரம், ஆண்ட்வெர்ப், கென்ட் எல்லாத்துக்கும் நேரடி வண்டி இருக்கு, அங்க தங்கறவங்க பிரசல்ஸ் ஊருக்குள்ள போயி வண்டி மாறவே வேணாம். ஆனா இங்கயும் ஒரு பேர் வம்பு, 'சாவென்டெம்'னு தனியா ஒரு ஸ்டேஷன் இருக்கு, அது பக்கத்து ஊரோடது, நீங்க எடுக்க வேண்டியது 'பிரசல்ஸ் ஏர்போர்ட் சாவென்டெம்'. ஏர்போர்ட் ட்ரெயின் டிக்கெட்ல 'டியாபோலோ'ன்னு ஆறேழு யூரோ எக்ஸ்ட்ரா வரும், அதைக் கட்டாம வந்தா ஸ்டேஷன் கேட் திறக்காது, பின்னாடி க்யூல நிக்கறவங்க உங்களையே பார்ப்பாங்க. டிக்கெட்டைக் கடைசி வரைக்கும் கையிலயே வச்சுக்கோங்க.

பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2007லேர்ந்து ஜெட் ஏர்வேஸ் இந்த ஏர்போர்ட்டைத்தான் ஹப்பா வச்சிருந்தான், சென்னைலேர்ந்து பிரசல்ஸ் வழியா நியூயார்க் போவான், 2016ல ஆம்ஸ்டர்டாமுக்கு மாத்திட்டான். இப்ப நம்மாளுங்க பெரும்பாலும் துபாய், தோஹா வழியாத்தான் வர்றாங்க. அப்படி வந்து சாவென்டெம்ல இறங்கி சார்லெருவாலேர்ந்து அடுத்த ஃபிளைட் புடிக்கலாம்னு சீப்பா ஒரு ரூட் சில சைட்ல காட்டும், அது ட்ரான்ஸிட் இல்லீங்க, இமிகிரேஷன் தாண்டி வெளிய வந்தே ஆகணும், ஷெங்கன் விசா, அதான் ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவான விசா, கையில இருக்கணும். இலங்கை பாஸ்போர்ட்னா வெளிய வராம ஏர்போர்ட்டுக்குள்ளயே ஃபிளைட் மாறினாக்கூட பொதுவா ட்ரான்ஸிட் விசா கேப்பாங்க, அதையும் பார்த்துக்கோங்க. டப்ளின்லேர்ந்து வர்றவருக்கும் ஐரிஷ் பெர்மிட் மட்டும் போதாது, அயர்லாந்து ஷெங்கன்ல இல்ல.

திரும்பிப் போறப்ப சாக்லேட் ஏர்போர்ட்ல வாங்காதீங்க, ஊருக்குள்ள சூப்பர்மார்க்கெட்ல அதே கோட் டோர் பிராண்ட் சாக்லேட் பாதிக்கும் கம்மியா கிடைக்கும். பிஸ்காஃப் பாட்டில், அதான் பிஸ்கட்டை அரைச்சு வெண்ணெய் மாதிரி பண்ணி வச்சிருப்பானே, அதைக் கேபின் பையில வச்சிடாதீங்க. செக்யூரிட்டில அது லிக்விட் கணக்கு, அம்மாவுக்குன்னு வாங்குன ரெண்டு பாட்டிலும் எனக்குக் குப்பைத் தொட்டிக்குத்தான் போச்சு.

இன்னொண்ணு, தேதி முடிவு பண்றதுக்கு முன்னாடி ஸ்ட்ரைக் இருக்கான்னு பாருங்க. இந்த ஊர்ல தேசிய ஸ்ட்ரைக்னா விளையாட்டு இல்ல, 2025 மார்ச் 31ல சாவென்டெம்லேர்ந்து கிளம்புற பயணிகள் ஃபிளைட் மொத்தமும் கேன்சல், சார்லெருவாவும் அன்னிக்கு மூடின மாதிரிதான். தேதி முன்கூட்டியே நியூஸ்ல வந்துடும், நாலு நாள் லீவுல ஒரு நாள் அதுல மாட்டாம இருந்தா, என்னைக் கேட்டா கொஞ்சம் கூடக் குடுத்தாலும் பி.ஆர்.யூ.வே எடுங்க.