ஒன்பது ஒன்றுகளின் வர்க்கம்

கேள்வி: 12345678987654321 எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரே எண். இது பகா எண்ணா? இல்லையென்றால், காரணிகளைக் கையாலேயே காண முடியுமா?

பதில்: பகா எண் அல்ல, இது 111111111-இன் வர்க்கம். ஒன்பது ஒன்றுகளை ஒன்பது ஒன்றுகளால் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் ஓரிடம் இடப்பக்கம் தள்ளி எழுதுவோம் அல்லவா? வலக்கோடியில் ஒரே ஒரு 1 விழும், அடுத்த இடத்தில் இரண்டு, நடுவில் ஒன்பது, பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். எந்த இடத்திலும் கூட்டுத்தொகை 9-ஐத் தாண்டாததால் அடுத்த இடத்துக்கு எதுவும் ஏறாது. இந்த எண்ணின் அழகெல்லாம் அதனால் வந்ததுதான். பத்து ஒன்றுகளை எடுத்தால் நடுவில் 10 வந்து, 1 இடப்பக்கம் ஏறி, விடை 1234567900987654321 ஆகிவிடும். அதைத் திருப்பிப் படித்தால் வேறு எண்.

இனி காரணிகள். 111111111 = 111 × 1001001. இதில் 111 = 3 × 37; 1001001 = 3 × 333667. 333667 பகா எண்தானா என்று பார்க்க 577 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டியதில்லை. 333667 என்பது 999999999-இன் (அதாவது 9 × 111111111-இன்) காரணி; 999999999-ஐ வகுக்கும் பகா எண்கள், 3-ஐத் தவிர, எல்லாமே 18-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை. ஆகவே 19, 37, 73, 109 என்று 577 வரை 17 பகா எண்களைச் சோதித்தால் போதும். எதுவும் மீதியின்றி வகுக்காது. முடிவாக, நம் எண் 3⁴ × 37² × 333667². அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 3 = 45 வகுஎண்கள்.

இலக்கங்களைக் கூட்டினால் 81 வருகிறது, அதனால்தான் 81 வகுக்கிறது என்று பலர் எழுதுவதுண்டு. அது தவறான காரணம். இலக்கக் கூடுதல் 9-க்கு மட்டுமே உறுதி தரும். 1899-இன் கூடுதல் 27. ஆனால் 27-ஆல் வகுத்தால் 9 மீதி. இங்கே 81 வகுப்பதற்குக் காரணம், 9-ஆல் வகுபடும் எண்ணின் வர்க்கம் இது என்பதே.

கேள்வி: எக்செலில் இந்த எண்ணைத் தட்டினால் 12345678987654300 என்று மாறிவிடுகிறதே?

பதில்: எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும், இதற்கு 17 இலக்கங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் சாதாரண எண்ணாகக் கொடுத்தால் கடைசி இலக்கம் 0 ஆகி, 12345678987654320 வரும். 2⁵³-ஐத் தாண்டிய ஒற்றைப்படை எண்களை அந்த வடிவத்தில் சரியாகச் சேமிக்க முடியாது. பைத்தான் மொழியில் 111111111**2 என்று தட்டுங்கள், ஓர் இலக்கமும் பிசகாது. இடையில் வகுத்தல் வந்தால் / குறியைத் தவிர்த்து // குறியைப் பயன்படுத்துங்கள். ஒற்றைக் கோடு தசம எண்ணாக்கி அதே பிழையைக் கொண்டுவந்துவிடும்.

கேள்வி: இப்படி எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மாறாத பாலிண்ட்ரோம் எண்கள் எல்லாமே 11-ஆல் வகுபடுமா?

பதில்: இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் மட்டும் நிச்சயம் வகுபடும். நம் எண்ணில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 41, 40; வித்தியாசம் 1. எனவே 11-ஆல் வகுத்தால் 1 மீதி.