ஞாயிறு காலை முட்டைக் குழம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுமுறை நாள் காலையில் வெறும் சட்னியோடு நிறுத்திவிட மனம் வராத வீடுகளில், ஆப்பத்துக்கோ இடியாப்பத்துக்கோ தோசைக்கோ முட்டைக் குழம்பு வைப்பது வழக்கம். அதைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை முட்டை உடைவது, வாடை வீசுவது, விறைத்துப்போவது ஆகியவை குறித்தே இருந்தன. மசாலாவைப் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. அது நியாயமும்கூட. இந்தக் குழம்பில் மசாலா சற்று முன்பின் ஆனாலும் சமாளித்துவிடலாம், தீயின் அளவு தவறினால் சமாளிக்க வழியில்லை.

கேள்வி: முட்டையை உடைத்து ஊற்றும்போது வெள்ளைக்கரு நூல் நூலாகப் பிரிந்து குழம்பே கலங்கிவிடுகிறது. முட்டை முழுதாக நிற்க என்ன செய்ய வேண்டும்? (திருச்சி வாசகி)

பதில்: முட்டையை ஊற்றுவதற்கு முன்பே குழம்பு முழுமையாக வெந்து முடிந்திருக்க வேண்டும். மசாலாவின் பச்சை வாசனை போகவில்லையே என்று முட்டையை ஊற்றிய பிறகும் கொதிக்கவிடுவதால்தான் பலருக்கு இந்தத் தொல்லை நேர்கிறது.

நான்கு பேருக்கு ஆறு முட்டை என்று கொண்டால், 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, நறுக்கிய சின்ன வெங்காயம் 150 கிராம் சேர்த்துப் பொன்னிறமாகும்வரை வதக்கி, இஞ்சி பூண்டு விழுதையும் தக்காளி மூன்றையும் சேர்த்துக் குழைய வேகவிட வேண்டும். அதன்பின் மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித் தூள் மூன்று தேக்கரண்டி, சிறிய நெல்லிக்காய் அளவுப் புளியின் கரைசல், உப்பு, தேவையான தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இறுதியாக அரை மூடித் தேங்காயையும் ஒரு தேக்கரண்டி கசகசாவையும் மைய அரைத்து ஊற்றலாம். பாத்திரத்தின் ஓரங்களில் எண்ணெய் தெளிந்து நிற்பதுதான் குழம்பு முடிந்ததற்கு அடையாளம்.

இப்போது தீயை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கரு ஏறத்தாழ 62 டிகிரி செல்சியஸிலேயே உறையத் தொடங்குகிறது. மஞ்சள் கரு 70 டிகிரியை ஒட்டிக் கெட்டிப்படுகிறது. ஆகவே முட்டைக்குத் தளதளவென்ற கொதி தேவையே இல்லை. கொதியில் எழும் குமிழிகள்தான் இன்னும் உறையாத வெள்ளைக்கருவைக் கிழித்து நூலாக்குகின்றன. ஒவ்வொரு முட்டையையும் சிறு கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தின் விளிம்பு குழம்பைத் தொடும் அளவுக்குத் தாழ்த்திச் சரித்துவிடுங்கள். ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். இதற்காகவே ஆழமான குண்டானைவிட வாய் அகன்ற மண்சட்டியோ வாணலியோ நல்லது. ஊற்றியதும் மூடிவிட்டால், கண்ணாடி நிறத்தில் இருக்கும் மேற்பரப்பு ஆவியிலேயே பால் நிறத்துக்கு மாறிவிடும். ஐந்து நிமிடத்தில் மஞ்சள் கரு இளகலாகவும், எட்டு நிமிடத்தில் கெட்டியாகவும் இருக்கும். அதுவரை கரண்டிக்கு வேலை கிடையாது. அடிபிடிக்கும் என்று தோன்றினால் சட்டியின் இரு பக்கமும் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

புளிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. புளிப்பும் உப்பும் முட்டையின் புரதம் விரைவில் உறைய உதவுகின்றன. வெறும் தேங்காய்ப்பாலில் ஊற்றும் முட்டையைவிடப் புளிக்குழம்பில் ஊற்றும் முட்டை எளிதில் திரண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். முட்டை புதியதாக இருப்பதும் அவசியம், ஏனெனில் நாளாக நாளாக வெள்ளைக்கரு நீர்த்துவிடுகிறது. கையில் இருப்பது பழைய முட்டைதான் என்றால், உடைத்த முட்டையைக் கண் அகன்ற வடிகட்டியில் ஒரு கணம் நிறுத்தினால் நீர்த்த பகுதி வழிந்துவிடும், திடமான பகுதியை மட்டும் குழம்பில் சேர்க்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் அவித்த முட்டையைத்தான் குழம்பில் போடுவோம். ஓடு உரிக்கும்போது வெள்ளைக்கருவும் பிய்ந்து வருகிறது; மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வேறு. முட்டை கெட்டுவிட்டதா? (விருதுநகர் வாசகர்)

பதில்: கெடவில்லை. முட்டையை அளவுக்கு மீறி வேகவைத்தால், வெள்ளைக்கருவிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் சல்பைடு மஞ்சள் கருவில் உள்ள இரும்போடு சேர்ந்து அந்த வளையத்தை உண்டாக்குகிறது. சாப்பிடுவதால் தீங்கில்லை, ஆனால் பலர் முகம் சுளிக்கும் முட்டை வாடைக்கும் அதே வாயுதான் மூலம். எனவே வாடையைப் போக்க மசாலாவைக் கூட்டுவதைவிட வேகும் நேரத்தைக் குறைப்பதே சரியான வைத்தியம்.

ஓடு ஒட்டுவதற்குக் காரணம் முட்டை மிகப் புதியதாக இருப்பது. நாட்கள் செல்லச் செல்ல ஓட்டின் நுண்துளைகள் வழியே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுவதால் உட்சவ்வின் பிடி தளர்கிறது. உடைத்து ஊற்றுவதற்குப் புதிய முட்டையும், அவிப்பதற்கு ஒரு வாரமான முட்டையும் ஏற்றவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றுவதைவிடக் கொதிக்கும் நீரில் கரண்டியால் மெல்ல இறக்கினால் உரிப்பது இன்னும் எளிதாகும். பத்து அல்லது பதினோரு நிமிடத்தில் எடுத்து உடனே குளிர்ந்த நீரில் போட்டுவிடுங்கள். பச்சை வளையமும் வராது. காற்றறை இருக்கும் அகன்ற முனையிலிருந்து உரிக்கத் தொடங்குவது உத்தமம்.

உரித்த முட்டையை நான்கு இடங்களில் லேசாகக் கீறி, மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் கலந்த எண்ணெயில் ஒரு நிமிடம் புரட்டியபின் குழம்பில் போடுவதை நான் பரிந்துரைப்பேன். வழுவழுப்பான முட்டையின்மீது குழம்பு ஒட்டாமல் வழிந்துவிடும். புரட்டிய முட்டையின் மேல்தோல் சற்றே முறுகி மசாலாவைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஞாயிறு காலை பத்துப் பேர் வருகிறார்கள். முதல் நாள் இரவே செய்து வைக்கலாமா? (கோவை வாசகி)

பதில்: குழம்பைச் செய்து வைக்கலாம், முட்டையை ஊற்றி வைக்கக் கூடாது. சனிக்கிழமை இரவு தேங்காய் சேர்க்காமல் தக்காளி, புளி நிலையில் இறக்கி, சூடு தணிந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். தேங்காய் சேர்ந்த குழம்பு விரைவில் புளித்துவிடும். காலையில் நன்றாகக் கொதிக்கவைத்துத் தேங்காய் விழுதைச் சேர்த்து, விருந்தினர் அமர்ந்தபின் முட்டையை ஊற்றினால் எட்டு நிமிடத்தில் பரிமாறிவிடலாம். பத்துப் பேருக்கு ஒரே சட்டியில் பதினைந்து முட்டையைத் திணிக்காமல் இரண்டு வாணலிகளில் பிரித்துக்கொள்ளுங்கள். அவித்த முட்டை என்றால் ஓட்டோடு குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் உரிக்கலாம். ஆனால் முழு முட்டையை மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம். உள்ளே ஆவி அடைபட்டு வெடித்துவிடும்.

கேள்வி: நாட்டுக் கோழி முட்டைதான் சத்தானது என்கிறார்களே, உண்மையா? (மதுரை வாசகர்)

பதில்: ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, மஞ்சள் கருவின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது. மக்காச்சோளமும் கீரையும் தின்ற கோழியின் கரு ஆழ்ந்த நிறத்தில் இருக்கும், அவ்வளவே. சுமார் 50 கிராம் எடையுள்ள முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. நாமக்கல் பண்ணையிலிருந்து வந்தாலும் கொல்லைப்புறத்திலிருந்து வந்தாலும் அதில் பெரிய மாற்றமில்லை. சுவைக்காக வாங்குவதென்றால் வாங்குங்கள், நானும் வாங்குவதுண்டு. பழுப்பு நிறத்தில் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பண்ணைகளில் வளரும் சில இனக் கோழிகளும் பழுப்பு முட்டையே இடுகின்றன.

கேள்வி: என் மகள் கர்ப்பமாக இருக்கிறாள். மஞ்சள் கரு இளகலாக இருந்தால்தான் அவளுக்குப் பிடிக்கிறது. கொடுக்கலாமா? (சேலம் வாசகி)

பதில்: வேண்டாம். சரியாக வேகாத முட்டையில் சால்மோனெல்லா கிருமி உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு வெள்ளையும் மஞ்சளும் முழுவதும் கெட்டிப்படும்வரை வேகவைத்தே கொடுக்க வேண்டும். விரிசல் விட்ட முட்டையை, கடைக்காரர் விலை குறைத்துத் தந்தாலும், வாங்காதீர்கள்.

கேள்வி: இடியாப்பத்துக்குக் குழம்பு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும், ஏனெனில் இடியாப்பம் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். ஆப்பத்துக்கும் தோசைக்கும் கெட்டியாக வைக்கலாம். இறக்கியபின் தேங்காய் விழுது மேலும் இறுகும் என்பதால், நீங்கள் நினைக்கும் பதத்துக்கு ஒரு படி முன்னதாகவே அடுப்பை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு தேய்த்தாலும் பாத்திரத்தில் முட்டை வாடை போகவில்லையே? (சென்னை வாசகி)

பதில்: முதலில் சுடுநீரை ஊற்றுவதால் வரும் வினை அது. சூடு பட்டதும் ஒட்டியிருக்கும் முட்டை மேலும் உறைந்து பாத்திரத்தைப் பற்றிக்கொள்கிறது. முதலில் குளிர்ந்த நீரால் அலசி, குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையால் தேய்த்துவிட்டு, அதற்குப் பிறகு சோப்பும் சுடுநீரும் பயன்படுத்துங்கள்.