சட்ட ஆலோசனை: கடை கை மாறுகிறது, ராஜினாமா எழுதித் தரலாமா?

கேள்வி: பர்கூரில் ஒரு ஜவுளிக் கடையில் 2014 முதல் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடைசி மூன்று வருடத்தில் மூன்று மேனேஜர்கள் மாறிவிட்டார்கள். ஒருவர் நாங்கள் உட்காரும் ஸ்டூல்களை எடுத்துவிட்டார். அடுத்தவர் என்னை ரெடிமேடுக்குத் தள்ளினார். இப்போது இருப்பவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், கஸ்டமர் முன்னால் 'ஏய், இங்க வா' என்கிறார். போன மாதம் முதலாளி கடையை வேறொருவருக்கு லீசுக்கு விட்டுவிட்டார். புது முதலாளி, "பழையவரிடம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் புதிதாகச் சேருங்கள், சம்பளம் அதே 14,000" என்று ஒரு தாளை நீட்டுகிறார். 11 வருடம் உழைத்தவளுக்கு இதுதான் மரியாதையா? பேசாமல் நின்றுவிடலாம் போலிருக்கிறது.
- வாசகி, பர்கூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் நான்கு பக்கம் இருந்தது. அதில் மூன்றரைப் பக்கம் மேனேஜர்கள்தான். அவர்களை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். ஒரே முதலாளி ஆள் மாற்றி ஆள் மேனேஜர் வைத்தால் சட்டத்தின் கண்ணில் எதுவும் மாறவில்லை. பிரிவு மாற்றியதற்கும் மரியாதைக் குறைவாகப் பேசியதற்கும் வழக்குப் போட்டு நான் யாருக்கும் ஒரு ரூபாய் வாங்கித் தந்ததில்லை. ஸ்டூல் விஷயம் மட்டும் வேறு. கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு ஒரு மனு போதும். ஆனால் அதை இப்போது கிளறாதீர்கள்.

உங்கள் பிரச்சினை போன மாதம் நடந்த லீசு. நான்கு மாற்றங்களில் சட்டத்துக்குக் கணக்கு அது ஒன்றுதான். கடையின் உரிமையோ நிர்வாகமோ ஒப்பந்தப்படி கை மாறினால், ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு நோட்டீஸும் இழப்பீடும் தர வேண்டும். பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் இதற்கான பிரிவின் எண்ணை வைத்து, எங்கள் வக்கீல் பாஷையில் இதை '25 எஃப்எஃப்' என்போம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டாலும் விதி மாறவில்லை. அந்த இழப்பீடு தராமல் தப்பிக்க முதலாளிகளுக்கு ஒரு வழி உண்டு: உங்கள் சர்வீஸ் அறுபடக் கூடாது, சம்பளமும் சலுகையும் குறையக் கூடாது, பழைய வருடங்களுக்கும் சேர்த்துப் புது முதலாளி பொறுப்பேற்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் யாரும் உங்களுக்கு எதுவும் தர வேண்டாம், நீங்களும் 11 வருட ஊழியராகவே தொடர்வீர்கள்.

அவர் நீட்டும் தாளில் இது எதுவும் இல்லை. சர்வீஸை அறுக்கும் கத்தியை உங்கள் கையிலேயே கொடுத்து அறுக்கச் சொல்கிறார்.

ராஜினாமா எழுதினால் என்ன போகும்? முதலில் அந்த இழப்பீடு. வேலையை விட்டது நீங்கள் என்றால் யார் யாருக்கு ஈடு தருவது? அடுத்தது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி: பல வருடம் உழைத்தவர் வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தர வேண்டிய தொகை. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். உங்களுக்கு 14,000-க்கு 11 வருடம் என்றால் 88,846 ரூபாய். ராஜினாமா செய்தாலும் இது சட்டப்படி உங்களுக்கு வர வேண்டியதுதான். ஆனால் நடப்பது வேறு. பழையவர் 'புது முதலாளி பார்த்துக்கொள்வார்' என்பார். புதியவர் 'என்னிடம் ஒரு வருடம்தானே' என்பார். புதியவரிடம் மறுபடி 5 வருடம் ஓட்டினால்தான் பணிக்கொடைக்கே தகுதி.

என் கட்சிக்காரர் ஒருவர், கிருஷ்ணகிரிக்காரர், இதே மாதிரி வந்தார். ராஜினாமா எழுதவில்லை என்று அடித்துச் சொன்னார். எதிர்த்தரப்பு ஒரு வவுச்சரை எடுத்து வைத்தது. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் குறுக்கே அவர் கையெழுத்து, மேலே 'கணக்கு முழுதும் தீர்ந்தது, இனி பாக்கி ஏதுமில்லை' என்று ஒரு வரி. தீபாவளி போனஸ் வாங்கிய அன்று போட்ட கையெழுத்தாம் அது. மேலே எழுதியிருந்ததை அவர் படிக்கவே இல்லை. அந்த ஒற்றை வரியோடு மல்லுக்கட்டுவதிலேயே எங்களுக்கு இரண்டு வருடம் போனது.

இன்னொரு குழி பி.எஃப். கடை மாறியதும் 'பழைய பணத்தை எடுத்துக்கோங்க' என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள். பாரத்தில் வேலையை விட்ட காரணம் 'ராஜினாமா' என்று ஏறிவிடும். தாளில் எழுதாத ராஜினாமாவைக் கம்ப்யூட்டரில் எழுதிய கதையாகிவிடும். எடுக்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது உங்கள் கடைசி வரியைப் பார்த்துத்தான். கோபத்தில் பத்து நாள் போகாமல் இருந்தால், 'தானாகவே நின்றுவிட்டார்' என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வீட்டுக்கு வரும். அப்புறம் நீங்கள் நிற்கவில்லை என்று நிரூபிப்பதே தனி வழக்கு. தினமும் போங்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். அவர்களே நிறுத்தினால் அது உங்களுக்கு நல்லது. ஆறு மாதம் தாண்டிய ஊழியரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் கடைச் சட்டப்படி நிறுத்த முடியாது. அப்படி நிறுத்தினால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். 31-ஆவது நாள் என்னிடம் வராதீர்கள்.

தாளில் உங்கள் பதவி 'ஃப்ளோர் மேனேஜர்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். நிர்வாகப் பதவியில் இருப்பவர் அந்தக் கடைச் சட்டத்துக்கு வெளியே. சம்பளம் ஏறாமல் பட்டம் மட்டும் வந்தால் சந்தேகப்படுங்கள்.

கடையில் எத்தனை பேர் என்று எழுதவே இல்லையே? பணிக்கொடைக்கு 10 பேர் வேண்டும். பில் போடுகிறவர், குடோன் பையன், வாட்ச்மேன் எல்லாரும் கணக்கில் வருவார்கள். ஒருமுறை 10 பேர் இருந்துவிட்டால் பிற்பாடு குறைந்தாலும் கடை தப்பாது.

சரி, என்ன செய்யலாம்? நான் வக்கீல்தான், ஆனாலும் சொல்கிறேன்: வழக்குப் போடாதீர்கள், பேசி முடியுங்கள். லீசுக்கு எடுத்தவர் வியாபாரம் படுத்தால் இரண்டு வருடத்தில் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடுவார். அப்போது அவர் கொடுத்த 'பழைய சர்வீஸுக்கும் நானே பொறுப்பு' கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? கட்டடம் பழையவருடையது, அவர் எங்கும் ஓட மாட்டார். அவரிடமே கணக்கை முடியுங்கள். இழப்பீடு, பணிக்கொடை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இழப்பீட்டில் விட்டுக்கொடுங்கள், பணிக்கொடையில் விடாதீர்கள். 88,000-க்குக் கீழே பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் செக்காகவோ வங்கி வழியாகவோ வரட்டும். ரசீதில் 'ராஜினாமா' என்ற சொல் வேண்டாம், 'கடை நிர்வாகம் மாறியதால்' என்று இருக்கட்டும். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்பதும் இருக்கட்டும். புதியவரிடம் 5 வருடக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தெரிந்தே ஏற்கிற நஷ்டம் அது.

அதற்கு முன்னால் 2014-இல் சேர்ந்தீர்கள் என்பதற்கு என்ன இருக்கிறது என்று தேடுங்கள். இ.எஸ்.ஐ. அட்டையில் 2019 என்று போட்டிருந்தால் ஐந்து வருடம் காற்றில் போய்விடும். பழைய பாஸ்புக், யூனிஃபார்ம் போட்ட ஆயுத பூஜை போட்டோ, கூடச் சேர்ந்தவர் சாட்சி, எதுவானாலும் சரி. அந்தத் தாளையும் போட்டோ எடுத்து வையுங்கள். கேட்டால், 'வீட்டில் காட்டிவிட்டுச் சொல்கிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள்.