பூஞ்சை பிடித்த வரிக் காகிதங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஐப்பசி மழையில் பீரோவிலுள்ள பழைய வரிக் காகிதமெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது. எரித்துவிடலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 3 ஆண்டு 3 மாதம் வரை வரித்துறை பழைய கணக்கைத் திறக்கலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 5 ஆண்டு 3 மாதம். படிவம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று), வங்கிக் கணக்கு விவரங்களை 8 ஆண்டு வைத்திருங்கள் என்பேன்.

வீட்டுப் பத்திரமும் கட்டுமான ரசீதுகளும் வேறு. வீட்டை விற்று 8 ஆண்டு ஆகும்வரை தொடாதீர்கள். குன்னூர் வீட்டுக்குக் கூரை மாற்றிய ரசீது என்னிடம் வெறும் வெள்ளைத் தாளாக மங்கிக் கிடந்தது. விற்றபோது வரிக்கான லாபக் கணக்கில் அந்தச் செலவைக் கழிக்க முடியவில்லை, இன்றும் வருத்தம்தான். இன்றைக்கே எல்லாவற்றையும் போனில் படமெடுங்கள். அப்புறம், பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.