தைராய்டு குறைந்தால் மூளைக்கு ஆக்சிஜன் போகாதா?

முதலில் அம்மாவைக் கவனியுங்கள். உங்கள் மறதி, முடி உதிர்வு, குதிகால் வலி என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் சொல்கிறீர்கள்: "அம்மாவுக்கும் தைராய்டு உண்டு. மாத்திரையை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. பகலெல்லாம் தூங்குகிறார், இந்த வெயிலிலும் போர்வை கேட்கிறார். நானும் இப்படி ஆகிவிடுவேனா?"

உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது. எனக்கும் அந்த வரிதான் கவலை தந்தது.

72 வயதில் உடல் சில்லிட்டு, முகம் உப்பி, குரல் கரகரத்து, எழுப்பினாலும் பாதிப் பேச்சில் மறுபடி கண்ணயர்ந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. தைராய்டு குறைபாடு முற்றி, மிக்ஸடீமா கோமா என்ற உயிருக்கே ஆபத்தான மயக்க நிலையை நெருங்குகிறது என்று பொருளாக இருக்கலாம். நாடித் துடிப்பு மந்தமாகும், மூச்சு ஆழமில்லாமல் போகும். ஒரு சளிக்காய்ச்சலோ ஒரு தூக்க மாத்திரையோ போதும், நிலைமை கைமீறிவிடும். மூளைக்கு ஆக்சிஜன் உண்மையிலேயே குறைவது இப்படி மூச்சு தளரும்போதுதான். இன்றே அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பழைய மாத்திரையை நீங்களாக முழு அளவில் தொடங்கிவிடாதீர்கள். அந்த வயது இதயம் தாங்காது. (பத்திரிகை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன்.)

இனி, தைராய்டு குறைந்தால் அதுவும் மாறி மூளைக்கு ஆக்சிஜன் போகாது என்று நீங்கள் இணையத்தில் படித்துப் பயந்த புரதம். அதன் பெயர் நியூரோகுளோபின், 2000ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. ஹீமோகுளோபினின் தூரத்து உறவு. நரம்பணுக்களுக்குள் இருந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். தைராய்டு குறைக்கப்பட்ட எலிகளின் மூளையில் இதன் அளவு மாறுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மூளையில் இது இருப்பதே துளியூண்டு. விழித்திரையில் அதைவிடப் பல மடங்கு அதிகம். மூளைக்கு ஆக்சிஜன் சுமக்கும் வேலை கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினுடையது. நியூரோகுளோபினின் முழு வேலை என்ன என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அந்த எலியும், மாத்திரை சாப்பிட்டு டி.எஸ்.ஹெச் (தைராய்டு கட்டுக்குள் இருக்கிறதா என்று காட்டும் ரத்த அளவு) இயல்பான 2.8 வைத்திருக்கும் நீங்களும் ஒன்றா?

ஆக்சிமீட்டரில் 98 காட்டியும் நம்பிக்கை வரவில்லையாம்! அது விரலில் ஓடும் ரத்தத்தைத்தான் பார்க்கிறது. மூளைப் புரதம் எதையும் அளக்காது. தூக்கிப் பெட்டியில் வையுங்கள்.

அந்தப் புரதத்தைப் பற்றிப் படித்த பயத்தில் தைராய்டு மாத்திரையின் அளவான 75 மைக்ரோகிராமை நீங்களே 150 ஆக்கிக்கொண்டதுதான் எனக்குக் கோபம். "படபடப்பு வேறு" என்கிறீர்கள். வராமல் என்ன செய்யும்? அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பு கரையும். மருத்துவர் எழுதிய 75க்கே திரும்புங்கள். படபடப்பு அடங்காவிட்டால் அவரிடம் ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் தண்ணீருடன் மாத்திரை. காபி அரை மணி நேரம் கழித்து. கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி. முடியும் குதிகாலும் அவசரமில்லை.

ஆறு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச் மட்டும் பாருங்கள். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையை, பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அது முடிவைத் தப்பாகக் காட்டும்.